லிஸ்ட் மாறுகிறது, எண் மாறவில்லை: ஆர்க்யுமென்ட் உண்மையில் எப்படிப் போகிறது?

கேள்வி மூன்று பகுதியாக வந்தது. பைத்தான் நிரல்மொழியில் ஒரு ஃபங்ஷனுக்கு லிஸ்டை அனுப்பினால் வெளியே இருக்கும் லிஸ்டும் மாறிவிடுகிறது, எண்ணை அனுப்பினால் மாறுவதில்லை. அப்படியானால் லிஸ்ட் ரெஃபரன்ஸாகவும் எண் மதிப்பாகவும் போகிறதா என்பது முதல் பகுதி. "ஜாவாவில் ஆப்ஜெக்ட்கள் பாஸ் பை ரெஃபரன்ஸ்" என்று நேர்முகத் தேர்வில் சொன்னதற்குத் தவறு என்றார்கள், ஏன் என்பது இரண்டாவது. லிஸ்டை நகல் எடுத்து அனுப்பியும் அதற்குள் இருந்த லிஸ்ட் மாறிவிட்டதே என்பது மூன்றாவது. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான் என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் சுருக்கமாக. பைத்தானில் லிஸ்டும் எண்ணும் ஒரே விதமாகத்தான் போகின்றன. ஜாவாவில் எல்லாமே மதிப்பாகத்தான் போகிறது. நமக்குக் குழப்பம் வருவது, தனித்தனியாகக் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் கேட்பதால். மாறிக்குள், அதாவது வேரியபிளுக்குள், என்ன இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்த மாறி ஃபங்ஷனுக்குள் எப்படிப் போய்ச் சேருகிறது என்பது இன்னொரு கேள்வி. மதிப்பா ரெஃபரன்ஸா என்ற பேச்சு இரண்டாவது கேள்விக்கு மட்டும்தான் பொருந்தும். நாமோ முதல் கேள்வியின் விடையை எடுத்து இரண்டாவதில் எழுதிவிடுகிறோம்.

கீழே உள்ளதைப் பாருங்கள். எந்த மொழியையும் சாராமல் எழுதியிருக்கிறேன்.

ஃபங்ஷன் சேர்(பெட்டி):
    பெட்டி.கடைசியில்_சேர்(40)

ஃபங்ஷன் மாற்று(பெட்டி):
    பெட்டி = [1, 2]

எண்கள் = [10, 20, 30]
சேர்(எண்கள்)
அச்சிடு(எண்கள்)    → [10, 20, 30, 40]
மாற்று(எண்கள்)
அச்சிடு(எண்கள்)    → [10, 20, 30, 40]

பைத்தான், ரூபி, ஜாவாஸ்கிரிப்ட் எதில் எழுதிப் பார்த்தாலும் இதே விடைதான் வரும். சேர் என்ற ஃபங்ஷன் செய்தது வெளியே தெரிகிறது. மாற்று என்ற ஃபங்ஷன் செய்தது வெளியே தெரியவில்லை. அனுப்பியது ஒரே லிஸ்ட், அனுப்பிய விதமும் ஒன்றே. வித்தியாசம் அனுப்பியதில் இல்லை, உள்ளே போனபின் செய்த வேலையில் இருக்கிறது.

எண்கள் என்ற மாறிக்குள் லிஸ்ட் இல்லை. லிஸ்ட் நினைவகத்தில் வேறெங்கோ இருக்கிறது. மாறிக்குள் இருப்பது அந்த இடத்தைக் காட்டும் ஒரு முகவரி. ஃபங்ஷனை அழைக்கும்போது அந்த முகவரியின் நகல் பெட்டி என்ற புது மாறிக்குள் போகிறது. இப்போது ஒரே இடத்துக்கு இரண்டு முகவரிச் சீட்டுகள். கடைசியில் சேர்ப்பது என்றால் முகவரியைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்துக்கே போய் அங்கிருப்பதை மாற்றுவது. அது இரண்டு சீட்டுக்காரர்களுக்கும் தெரியும். சமக்குறி போட்டுப் புது லிஸ்டைக் கொடுப்பது என்றால் என் கையில் இருக்கும் சீட்டில் பழைய முகவரியை அழித்துவிட்டு வேறு முகவரியை எழுதிக்கொள்வது. உங்கள் கையில் இருக்கும் சீட்டை நான் தொடவே இல்லை.

சரி, எண் ஏன் மாறுவதில்லை? எண்ணுக்கும் இதே கதைதான். பைத்தானில் ஐடி என்று ஓர் உள்ளமை ஃபங்ஷன் இருக்கிறது, ஒரு ஆப்ஜெக்ட்டின் அடையாள எண்ணைச் சொல்லும். ஓர் எண்ணை ஃபங்ஷனுக்கு அனுப்பி, வெளியே ஒருமுறையும் உள்ளே நுழைந்தவுடன் ஒருமுறையும் அந்த அடையாளத்தை அச்சிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே இருக்கும். எண் நகலெடுக்கப்படவில்லை, லிஸ்டைப் போலவே அதன் முகவரிதான் போயிருக்கிறது. ஆனால் எண்ணுக்குள் புகுந்து அதை மாற்றும் வழி எதையும் பைத்தான் தரவில்லை. எண்ணை வைத்து நீங்கள் செய்யக்கூடியது சமக்குறி போடுவது மட்டும்தான், அது எப்போதும் உங்கள் கையில் இருக்கும் சீட்டை மட்டும்தான் மாற்றும். எழுத்துகளின் தொடரான ஸ்ட்ரிங்கும், மாற்ற முடியாத லிஸ்ட் போன்ற டுப்பிளும் இதே ரகம். மாற்ற முடியாத ஆப்ஜெக்ட்டை இப்படி அனுப்பினால், நகல் போனது போலத்தான் தோன்றும்.

இங்கே பலரும் இடறும் ஓர் இடம் உண்டு. கூட்டல் குறியையும் சமக்குறியையும் ஒட்டி எழுதும் += என்பது பைத்தானில் லிஸ்டுக்கு ஒரு மாதிரியும் டுப்பிளுக்கு வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். பெட்டி = பெட்டி + [40] என்று எழுதினால் புது லிஸ்ட் பிறக்கிறது, வெளியே ஒன்றும் தெரியாது. பெட்டி += [40] என்று எழுதினால் இருக்கும் லிஸ்டுக்குள்ளேயே 40 சேர்க்கப்படுகிறது, வெளியே தெரியும். டுப்பிளுக்கோ எண்ணுக்கோ அதே குறியைப் போட்டால் உள்ளே மாற்ற வழியில்லாததால் புது மதிப்பு உருவாகி உள்ளூர் மாறியில் உட்காரும். ஒரே குறி இரண்டு வேலை செய்வது எனக்கு உவப்பானதல்ல. ஆர்க்யுமென்ட்டாக, அதாவது அழைப்பவர் உள்ளே அனுப்பியதாக, வந்த மாறியின் மேல் அதைப் போடாமல் இருப்பதை நான் பழக்கமாகவே வைத்திருக்கிறேன்.

அப்படியானால் உண்மையான பாஸ் பை ரெஃபரன்ஸ் என்பது எது? ஆர்க்யுமென்ட்டை உள்ளே வாங்கிக்கொள்ளும் பெயரான பாராமீட்டர் தனி மாறியாக இல்லாமல், அழைத்தவரின் மாறிக்கே இன்னொரு பெயராக ஆகிவிடுவது. உள்ளே அதற்குச் சமக்குறி போட்டால் வெளியே இருக்கும் மாறியே மாறும். இதைச் சோதிக்க இடமாற்று என்ற பழைய ஃபங்ஷன் போதும்.

ஃபங்ஷன் இடமாற்று(அ, ஆ):
    தற்காலிகம் = அ
    அ = ஆ
    ஆ = தற்காலிகம்

இதை எழுதி, இரண்டு மாறிகளைக் கொடுத்து அழைத்து, வெளியே அவை இடம் மாறினால் அந்த மொழியில் பாஸ் பை ரெஃபரன்ஸ் இருக்கிறது என்று பொருள். பாஸ்கலில் பாராமீட்டருக்கு முன் வார் என்று போட்டால் மாறும். சி++ மொழியில் பாராமீட்டரின் வகையோடு & சேர்த்தால் மாறும். பிஎச்பியிலும் & போட்டால் மாறும். சி ஷார்ப்பில் ரெஃப் என்ற சொல்லைப் போட வேண்டும். ஜாவாவில் எப்படித் தலைகீழாக நின்றாலும் இந்த ஃபங்ஷனை எழுத முடியாது. பைத்தானிலும் முடியாது. அதனால்தான் உங்கள் நேர்முகத் தேர்வில் தவறு என்றார்கள்.

ஜாவா விஷயத்தில் குழப்பத்துக்கு அந்த மொழியின் சொற்களே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். ஆப்ஜெக்ட்டின் முகவரிக்கு ஜாவா வைத்த பெயர் ரெஃபரன்ஸ். சி மொழிக்காரர்களிடம் காட்டினால் அதைப் பாயின்டர் என்பார்கள். ஜாவாவுக்குள்ளேயே அந்த உண்மை எட்டிப் பார்க்கிறது: எதையும் காட்டாத ரெஃபரன்ஸைத் தொட்டால் வரும் பிழையின் பெயர் நல் பாயின்டர் எக்செப்ஷன். ஆக ஜாவாவில் "ரெஃபரன்ஸ் மதிப்பாகப் போகிறது" என்பது சரியான வாக்கியம். "ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸாகப் போகிறது" என்பது தவறான வாக்கியம். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கின்றன, இடமாற்று ஃபங்ஷன்தான் அவற்றைப் பிரித்துக் காட்டும்.

இரண்டு கேள்விகளும் தனித்தனி என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் சி ஷார்ப்பைப் போல நல்ல மொழி இல்லை. அங்கே ஸ்ட்ரக்ட் என்று அறிவித்தால் மாறிக்குள் தரவே இருக்கும். கிளாஸ் என்று அறிவித்தால் மாறிக்குள் முகவரி இருக்கும். இது முதல் கேள்வி. பாராமீட்டருக்கு முன் ரெஃப் போடுவதும் போடாததும் இரண்டாவது கேள்வி. இரண்டையும் சேர்த்தால் நான்கு நிலைகள். ஸ்ட்ரக்டை வெறுமனே அனுப்பினால் முழுத் தரவும் நகலாகிறது, உள்ளே அதன் ஒரு பகுதியான ஃபீல்டை மாற்றினாலும் வெளியே தெரியாது. கிளாஸை வெறுமனே அனுப்பினால் முகவரி நகலாகிறது, ஃபீல்டை மாற்றினால் தெரியும், ஆனால் பாராமீட்டருக்கே புது ஆப்ஜெக்ட்டைக் கொடுத்தால் தெரியாது. ரெஃப் போட்டு அனுப்பினால் ஸ்ட்ரக்டோ கிளாஸோ, எது செய்தாலும் வெளியே தெரியும். பைத்தானும் ஜாவா ஆப்ஜெக்ட்களும் இரண்டாவது நிலையில் மட்டும் வாழ்கின்றன. அந்த ஒரு நிலையை மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு மற்ற மூன்றும் இருப்பதே தெரியாமல் போவது இயல்புதான்.

சி ஷார்ப்பில் எனக்குப் பிடித்த இன்னொன்று, அழைக்கும் இடத்திலும் ரெஃப் என்று எழுதியாக வேண்டும் என்ற விதி. வரியைப் படிக்கும்போதே இந்த மாறி மாறக்கூடும் என்று தெரிந்துவிடுகிறது. சி++ மொழியில் அழைக்கும் வரியைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது, ஃபங்ஷனின் அறிவிப்பைத் தேடிப் போக வேண்டும். பழைய விஷுவல் பேசிக் 6 இன்னும் ஒரு படி மேலே போய், எதுவும் சொல்லாவிட்டால் ரெஃபரன்ஸ் என்று வைத்திருந்தது. அடுத்து வந்த டாட்நெட் வடிவத்தில் அதை மதிப்பு என்று மாற்றினார்கள். அந்த மாற்றம் சரியானது.

சி மொழியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கும் முதல் பாடம் அங்கேதான் தொடங்குகிறது. சி மொழியில் பாஸ் பை ரெஃபரன்ஸ் கிடையாது. எல்லாமே மதிப்பு. மாறியை உள்ளிருந்து மாற்ற வேண்டுமானால் அதன் முகவரியை & போட்டு நீங்களே எடுத்து, அந்த முகவரியை மதிப்பாக அனுப்புகிறீர்கள். உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃப் ஃபங்ஷனுக்கு & போட மறந்து தவிக்காத மாணவர் குறைவு. அங்கே நடப்பது இவ்வளவுதான். ஆனால் ஒரே வகை மதிப்புகளின் வரிசையான அர்ரே மட்டும் விதிவிலக்கு போலத் தோன்றும். அர்ரேயை ஆர்க்யுமென்ட்டாகக் கொடுத்தால் அதன் முதல் உறுப்பின் முகவரியாக அது சுருங்கிவிடுகிறது. அதனால்தான் வெளியே 100 இன்டிஜர் கொண்ட அர்ரேயின் அளவைக் கேட்டால் பெரும்பாலான கணினிகளில் 400 பைட் என்றும், ஃபங்ஷனுக்குள் கேட்டால் 64 பிட் கணினியில் 8 பைட் என்றும் வருகிறது. உள்ளே இருப்பது அர்ரே இல்லை, வெறும் பாயின்டர். அதே அர்ரேயை ஒரு ஸ்ட்ரக்டுக்குள் வைத்து அனுப்பினால் 400 பைட்டும் ஒழுங்காக நகலாகும்.

இந்தத் தலைப்பின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஃபோர்ட்ரான் மொழிக்கு சப்ரூட்டின், அதாவது ஃபங்ஷன் போன்ற துணை நிரல், வந்தது 1958இல், ஃபோர்ட்ரான் 2 பதிப்பில். ஆர்க்யுமென்ட்களின் முகவரியைத்தான் அது அனுப்பியது. மாறிகளுக்கு அது சரி. ஆனால் 5 என்ற மாறிலியைக் கொடுத்தால்? அந்த 5 நினைவகத்தில் ஓரிடத்தில் வைக்கப்பட்டு, அந்த இடத்தின் முகவரி போனது. உள்ளே பாராமீட்டரோடு 1 கூட்டினால், சில கம்பைலர்களில் (நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றித் தருபவை) அந்த இடத்தில் 6 வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு நிரலில் 5 என்று எழுதிய இடமெல்லாம் 6 ஆக வேலை செய்தது. எண்ணின் பொருளே மாறிவிட்ட நிலையில் பிழையைத் தேடியவர்களின் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

அல்கால் 60 வேறு பாதையில் போனது. 1960இல் பீட்டர் நோர் தொகுத்து வெளியான அதன் அறிக்கையில் இரண்டு முறைகள் இருந்தன. வேல்யூ என்று அறிவித்தால் மதிப்பாகப் போகும். ஒன்றும் சொல்லாவிட்டால் கால் பை நேம், அதாவது பெயராகப் போகும். பெயராகப் போவது என்றால், நீங்கள் கொடுத்த கோவையை (எக்ஸ்பிரஷன்) முன்பே கணக்கிடாமல், பாராமீட்டர் வரும் ஒவ்வோர் இடத்திலும் அந்தக் கோவையையே வைத்ததுபோல ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடுவது. கேட்க எளிமையாக இருக்கிறது. இடமாற்று ஃபங்ஷனை இந்த முறையில் எழுதி, முதல் ஆர்க்யுமென்ட்டாக, உறுப்பின் இடத்தைச் சொல்லும் இ என்ற குறியெண்ணையும், இரண்டாவதாகத் தொகுதி[இ] என்ற உறுப்பையும் கொடுங்கள். இ = 2, தொகுதி[2] = 5 என்று வைத்துக்கொள்வோம். முதல் வரி தற்காலிகத்தில் 2 வைக்கிறது. இரண்டாவது வரி இ என்பதை 5 ஆக்குகிறது. மூன்றாவது வரி தொகுதி[இ] என்பதில் 2 வைக்கப் போகிறது, ஆனால் இப்போது இ = 5, எனவே 2 போய் விழுவது தொகுதி[5] என்ற வேறோர் உறுப்பில். தொகுதி[2] தொடப்படாமல் அப்படியே நிற்கிறது. மூன்று வரிகளில் ஒன்றுகூடத் தவறில்லை, விடை மட்டும் தவறு.

அதே குணத்தையே கருவியாக்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் ஜென்சன். கூட்டுத்தொகை காணும் ஒரே ஃபங்ஷனுக்குக் குறியெண்ணையும், அதைப் பயன்படுத்தும் கோவையையும் பெயராக அனுப்பினால், ஃபங்ஷன் குறியெண்ணை நகர்த்த நகர்த்தக் கோவையின் மதிப்பும் தானாக மாறிக்கொண்டே வரும். ஓர் அர்ரேயின் கூட்டுத்தொகை, வர்க்கங்களின் கூட்டுத்தொகை, இரு அர்ரேக்களின் பெருக்கற்பலன் கூட்டுத்தொகை எல்லாவற்றுக்கும் ஒரே ஃபங்ஷன் போதும். இன்று இதை நாம் பெயரில்லாச் சிறு ஃபங்ஷனான லாம்டாவை அனுப்பிச் செய்கிறோம். பெயராக அனுப்புவதைச் செயல்படுத்தக் கம்பைலர்கள் உருவாக்கிய சிறு துணை நிரல்களுக்குத் தங்க் என்று பெயர் வந்தது, அந்தச் சொல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஸ்காலாவில் பெயராக அனுப்பும் பாராமீட்டர் இன்னும் உண்டு. ஹாஸ்கெல் அதையே சற்று மாற்றி, தேவைப்படும்போது ஒருமுறை மட்டும் கணக்கிட்டு விடையை வைத்துக்கொள்கிறது. அங்கே மதிப்புகள் மாறுவதில்லை என்பதால் அல்காலின் சிக்கல் எழுவதே இல்லை.

உங்கள் முதல் கேள்விக்கான சரியான பெயரும் பழையதுதான். 1970களின் நடுவில் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவும் அவருடைய குழுவினரும் க்ளூ என்ற மொழியை உருவாக்கினார்கள். அதில் ஆர்க்யுமென்ட் போகும் விதத்துக்கு கால் பை ஷேரிங் என்று பெயரிட்டார்கள். அழைப்பவரும் அழைக்கப்படுபவரும் ஒரே ஆப்ஜெக்ட்டைப் பகிர்ந்துகொள்கிறார்கள், மாறியைப் பகிர்வதில்லை. பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், ரூபி, ஜாவாவின் ஆப்ஜெக்ட்கள் எல்லாவற்றையும் இந்த ஒரு பெயர் சரியாக விவரிக்கிறது. "பகிர்வாக அனுப்புதல்" என்று தமிழில் சொல்லலாம். இந்தப் பெயரைப் பாடங்களில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தால் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் உறுதியான எண்ணம்.

கோ மொழியின் ஸ்லைஸ் இந்த எல்லாவற்றுக்கும் நல்ல தேர்வுத்தாள். கோ மொழியில் எல்லாமே மதிப்பாகப் போகும். ஸ்லைஸ் என்பது மூன்று துண்டுகள் கொண்ட சிறு பொட்டலம்: அடியில் இருக்கும் அர்ரேயைக் காட்டும் பாயின்டர், நீளம், கொள்ளளவு. ஃபங்ஷனுக்குப் போவது இந்தப் பொட்டலத்தின் நகல். உள்ளே முதல் உறுப்பை மாற்றினால் வெளியே தெரியும், பாயின்டர் ஒன்றுதானே. உள்ளே அப்பெண்ட் செய்து ஓர் உறுப்பைச் சேர்த்தால் வெளியே நீளம் கூடாது, ஏனென்றால் நீளம் நகலில்தான் மாறியது. கொள்ளளவு மீதி இருந்தால் புது உறுப்பு அதே அர்ரேயில்தான் எழுதப்பட்டிருக்கும், ஆனால் வெளியே இருப்பவரின் நீளம் அதுவரை எட்டாது. கொள்ளளவு தீர்ந்திருந்தால் புது அர்ரே ஒதுக்கப்படும், அதற்குப் பிறகு உள்ளே முதல் உறுப்பை மாற்றினால் அதுவும் வெளியே தெரியாது. ஒரே ஃபங்ஷன், அனுப்பும் ஸ்லைஸின் கொள்ளளவைப் பொறுத்து இரு விதமாக நடந்துகொள்கிறது. அதனால்தான் அப்பெண்ட் செய்யும் ஃபங்ஷன்கள் புது ஸ்லைஸைத் திருப்பித் தருவதும், அழைப்பவர் அதை வாங்கிக்கொள்வதும் அங்கே எழுதாத சட்டம்.

நகலெடுத்து உள்ளே கொண்டுபோய், முடிந்ததும் மதிப்பைத் திரும்ப வெளியே எழுதிவிடும் முறையும் ஒன்று இருக்கிறது. ஸ்விஃப்டின் இன்அவுட் பாராமீட்டர் இப்படித்தான் வரையறுக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் இதற்கும் ரெஃபரன்ஸுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரே மாறியை இரண்டு வழிகளில் தொடும்போது மட்டும் தெரியும். பொது மாறி ஒன்றில் 1 இருக்கிறது, அதையே ஃபங்ஷனுக்கும் அனுப்புகிறீர்கள், உள்ளே பாராமீட்டருக்கு 5 கொடுத்துவிட்டுப் பொது மாறியை அச்சிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெஃபரன்ஸ் என்றால் 5 வரும். நகல் முறை என்றால் 1 வரும், ஃபங்ஷன் முடிந்தபின்தான் 5 ஆகும். ஸ்விஃப்ட் இந்தத் தகராறே வேண்டாம் என்று ஒரே நேரத்தில் இரு வழியில் தொடுவதையே பிழையாக்கிவிட்டது. 2015இல் முதல் நிலையான பதிப்பு வந்த ரஸ்ட் இந்தச் சிந்தனையை மொழியின் மையத்திலேயே வைத்தது: ஒரு தரவுக்கு மாற்றக்கூடிய ரெஃபரன்ஸ் ஒன்று இருக்கலாம், அல்லது படிக்க மட்டும் முடிந்த ரெஃபரன்ஸ்கள் எத்தனையும் இருக்கலாம், இரண்டும் ஒரே நேரத்தில் கூடாது. மீறினால் நிரல் கம்பைல் ஆகாது.

வேகம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் "ரெஃபரன்ஸ்தான் வேகம்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவர்கள் நிறைய. பெரிய தரவுக்கு அது சரி. பத்து லட்சம் உறுப்புள்ள அர்ரேயை நகலெடுப்பதைவிட 8 பைட் முகவரியை அனுப்புவது மேல். சிறிய தரவுக்கு அப்படியில்லை. லினக்ஸின் 64 பிட் இன்டெல் கணினிகளில் முதல் ஆறு முழு எண் ஆர்க்யுமென்ட்கள் நேராகச் செயலிக்குள் இருக்கும் ரெஜிஸ்டரிலேயே போகின்றன. ஓர் எண்ணை ரெஃபரன்ஸாக அனுப்பினால் அதை முதலில் நினைவகத்தில் வைத்து, முகவரியை எடுத்து, உள்ளே மறுபடி போய்ப் படிக்க வேண்டியிருக்கும். அதோடு இரண்டு ரெஃபரன்ஸ்கள் ஒரே இடத்தைக் காட்டக்கூடும் என்ற சந்தேகம் இருக்கும்வரை கம்பைலர் துணிந்து மேம்படுத்தாது, நினைவகத்தில் எழுதிய ஒவ்வொரு முறையும் மறுபடி படித்துப் பார்க்கும். ஃபோர்ட்ரான் அப்படி ஒரே இடத்தைக் காட்டி மாற்றுவதைத் தடைசெய்திருப்பது அதன் வேகத்துக்கு ஒரு காரணம். சி மொழி 1999இல் ரெஸ்ட்ரிக்ட் என்ற சொல்லைச் சேர்த்தது இதற்காகத்தான்.

வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, யார் எதை மாற்றுவார்கள் என்ற தெளிவு. ஒரு வேலையில் அறிக்கை தயாரிக்கும் நிரல் ஒன்று சில நாள்களில் மட்டும் தவறான வரிசையில் விவரங்களைக் காட்டியது. இரண்டு நாள் தேடினோம். கடைசியில், நடுமதிப்பு காணும் சிறு ஃபங்ஷன் ஒன்று, தனக்கு வந்த லிஸ்டை இருந்த இடத்திலேயே வரிசைப்படுத்திக்கொண்டிருந்தது. அதன் பெயரிலோ திருப்பித் தரும் மதிப்பிலோ அதற்கான அறிகுறியே இல்லை. அந்த அறிக்கையில் நடுமதிப்பு கேட்கப்பட்ட நாள்களில் மட்டும் மூல வரிசை குலைந்தது. பைத்தானில் இருந்த இடத்திலேயே வரிசைப்படுத்தும் சார்ட் மெத்தட் நன், அதாவது "ஒன்றுமில்லை", என்பதைத் திருப்பித் தருவதும், சார்ட்டெட் என்ற தனி ஃபங்ஷன் புது லிஸ்டைத் தருவதும் இந்த வேறுபாட்டை நமக்கு நினைவூட்டத்தான். அன்றிலிருந்து நான் எழுதும் ஃபங்ஷன் ஒன்று வந்ததை மாற்றும், அல்லது புதியதைத் திருப்பித் தரும். இரண்டையும் சேர்த்துச் செய்ய விடுவதில்லை. பைத்தானில் பாராமீட்டரின் இயல்பு மதிப்பாக வெற்று லிஸ்டை எழுதுவதும் கூடாது. அந்த லிஸ்ட் ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒருமுறைதான் பிறக்கிறது, ஒவ்வோர் அழைப்பும் அதையே பகிர்ந்துகொள்ளும்.

இப்போது மூன்றாவது கேள்வி. நீங்கள் லிஸ்டை நகலெடுத்து அனுப்பினீர்கள், உள்ளிருந்த லிஸ்ட் மாறிவிட்டது. லிஸ்டின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு மாறியைப் போலத்தான், அதற்குள் இருப்பதும் முகவரிதான். [[1, 2], [3, 4]] என்ற லிஸ்டை காப்பி மெத்தடால் நகலெடுத்தால் வெளி லிஸ்ட் புதிதாகிறது, ஆனால் அதற்குள் நகலாவது இரண்டு முகவரிகள். அவை பழைய உள் லிஸ்ட்களையே காட்டுகின்றன. நகலில் மூன்றாவதாக ஒரு லிஸ்டைச் சேர்த்தால் மூலத்துக்குத் தெரியாது, நகலின் முதல் உள் லிஸ்டில் 99 சேர்த்தால் மூலத்திலும் தெரியும். ஜாவாஸ்கிரிப்டில் மூன்று புள்ளி போட்டு நகலெடுத்தாலும் இதே நிலைதான். முழுவதும் பிரிய வேண்டுமானால் பைத்தானில் காப்பி மாட்யூலின் டீப்காப்பி, ஜாவாஸ்கிரிப்டில் ஸ்ட்ரக்சர்ட்குளோன். ஆனால் அவை உள்ளே போகும் ஆழம் முழுவதையும் நகலெடுக்கும், பெரிய தரவுக்கு அது கனமான வேலை. உங்கள் நிரலில் உள் லிஸ்ட்களை ஒரே ஓர் இடத்தில்தான் மாற்றுகிறீர்கள் என்றால், டீப்காப்பிக்குப் போகாமல் மாற்றப்போகும் அந்த ஓர் உள் லிஸ்டுக்குப் பதிலாகப் புது லிஸ்டை உருவாக்கி, நகலின் முதல் இடத்தில் வையுங்கள்: நகல்[0] = நகல்[0] + [99]. இது நகலில் இருக்கும் முகவரியை மட்டும் மாற்றுகிறது, மூலத்தின் உள் லிஸ்டை யாரும் தொடுவதில்லை.